ஒலியின் வாரிசுகளும் சாம்பலின் வியாபாரிகளும்

கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து இயங்கும் ஸ்பெக்ரல் வூண்ட் என்ற இசைக்குழுவைப் பற்றி இரண்டு வகையான முறைப்பாடுகள் தொடர்ந்து காதில் விழுகின்றன. அவர்கள் புதிதாக எதையும் செய்யவில்லை, 1994ஆம் ஆண்டின் நோர்வேயை அச்சொட்டாகத் திருப்பி வாசிக்கிறார்கள் என்பது ஒரு சாராரின் முறைப்பாடு. வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இவர்களுக்குப் பின்னால் எரிந்த தேவாலயமும் இல்லை, சிறைவாசமும் இல்லை, ஆகவே இவர்கள் “உண்மையானவர்கள்” அல்லர் என்பது மற்றைய சாராரின் முறைப்பாடு. முதலாவது சாராருக்கு மரபு என்றால் என்னவென்று விளங்கவில்லை. அது மன்னிக்கக்கூடிய குறை. இரண்டாவது சாரார் மரபு என்ற பெயரில் விற்பனை செய்வது வேறொரு சரக்கு. எனது வழக்கு பெரும்பாலும் அவர்களோடுதான்.

இந்த இசையை ஒருபோதும் கேட்டிராதவர்களே இதனை வாசிப்போரில் அதிகமாக இருப்பர் என்பதால் சிறு அறிமுகம் அவசியமாகிறது. பிளாக் மெற்றல் என்ற பெயர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்தது. பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது எனலாம். ஒலியின் முதற்கருவைத் தேடினால் ஸ்ரொக்ஹோம் நகருக்குச் செல்லவேண்டும். அங்கு குவோர்தொன் என்ற புனைபெயரைச் சூடிய இளைஞர் ஒருவர், கார் நிறுத்தும் கொட்டகையொன்றை மாற்றியமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில், பாதொரி என்ற தமது குழுவின் முதலாவது இசைத்தட்டை 1984இல் பதிவுசெய்தார். அதே ஆண்டில் ஒஸ்லோவுக்கு அருகே மேஹெம் குழு தோன்றியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டார்க்த்ரோன், இம்மோர்ற்றல், எம்பெரர், பேர்ஸம் என ஒரு நோர்வேத் தலைமுறையே எழுந்தது. நோர்வே என்றதும் சமாதான அனுசரணையாளர்களை மட்டும் நினைவில் கொள்ளும் எம்மவர்க்கு இது சற்று அந்நியமான நோர்வேதான்.

இந்த இசையின் இலக்கணம் மிகவும் சுவையானது. மற்றைய மெற்றல் வகைகளில் கிற்றார் கலைஞர் உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு வாசிப்பார்; அதனால் இடியிடிப்பது போன்ற, வெட்டுண்ட ஒலி பிறக்கும். இவர்கள் உள்ளங்கையை எடுத்துவிட்டார்கள். தந்திகள் தடையின்றி அதிர, சோகச் சாயல் கொண்ட முழுச் சுரக்கூட்டுகளை அதிவேகமாக மேலும் கீழுமாக மீட்டினார்கள். மேஹெம் குழுவின் யூரோனிமஸ், த்ரோந்ஹெய்ம் நகரத்து ஸ்னோரே றூக் ஆகிய இருவரும் இம்முறையைச் செப்பனிட்டதில் முன்நிற்பவர்கள். ட்றம்ஸ் கலைஞரோ ‘பிளாஸ்ற் பீற்’ எனப்படும் இடைவிடாத அடியை வாசிக்கிறார். ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடும்போது தனித்தனி அடிகள் செவிக்குப் புலப்படாமல் தகரக் கூரையில் பெய்யும் மழைபோல ஒரே விரிப்பாகிவிடுகின்றன. அப்போதுதான் இந்த இசையின் சூட்சுமம் வெளிப்படுகிறது: வாசிக்கும் கைகள் எவ்வளவு விரைவாக இயங்குகின்றனவோ, கேட்பவருக்கு இராகம் அவ்வளவு மெதுவாக நகர்வதாகத் தோன்றுகிறது. மேலே ஒரு தொண்டை அலறுகிறது, சொற்கள் விளங்குவதில்லை. விளங்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

ஒலிப்பதிவின் கதை இன்னும் முக்கியமானது. டார்க்த்ரோன் குழுவின் முதலாவது இசைத்தட்டு ஸ்ரொக்ஹோமின் சன்லைற் ஒலிப்பதிவுக் கூடத்தில், அக்கால சுவீடன் டெத் மெற்றலின் கொழுத்த ஒலியுடன் பதிவாகி 1991இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அவர்கள் தமது ஊரான கொல்பொத்னுக்குத் திரும்பி, அந்தக் கொழுப்பு முழுவதையும் கரைத்துவிட்டு எலும்பும் நரம்புமாக இரண்டாவது இசைத்தட்டைப் பதிவுசெய்தனர். 1992 பெப்ரவரியில் வெளிவந்த ‘எ பிளேஸ் இன் த நோர்தேர்ண் ஸ்கை’ அதுதான். 1994இல் வந்த ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ இசைத்தட்டையோ ஃபென்றிஸ் என்பவர் வீட்டிலிருந்த நான்குதடப் பதிவுக் கருவியொன்றில், கருவிகள் அனைத்தையும் தனியொருவராக வாசித்து முடித்துவிட்டார். பேர்ஸம் குழுவின் ‘ஃபிலோசொஃபெம்’ பதிவின்போது பாடுவதற்கு வேண்டுமென்றே தலையில் அணியும் மலிவான ஒலிவாங்கி பயன்படுத்தப்பட்டது.

இதைக் கேட்டு ‘மோசமான ஒலிப்பதிவே மரபு’ என்று முடிவுகட்டிவிடும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேர்கன் நகரை மறந்துவிடுகிறார்கள். அந்நகரின் பெரிய இசை மண்டபம் கிறீக்ஹாலன். இசையமைப்பாளர் எட்வார்ட் கிறீக்கின் பெயரால் அமைந்தது. சிம்பொனி வாத்தியக் குழுவுக்காகக் கட்டப்பட்ட அந்த மண்டபத்தில்தான் பித்தென் என்று அழைக்கப்படும் ஒலிப்பதிவாளர் ஐரிக் ஹுண்ட்வின், மேஹெம், எம்பெரர், இம்மோர்ற்றல் ஆகிய குழுக்களின் தலைசிறந்த இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தார். அவற்றில் ஒலி தேவாலயத்து மணியோசைபோல விசாலமாக எழுகிறது. ஆக, வீட்டறையின் நான்கு தடங்களும் மரபு; கிறீக்ஹாலனின் பேரரங்கும் மரபு. பொதுவாக இருப்பது ஒலியின் தரமன்று, ஓர் உளநிலை. தொண்ணூறுகளில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, தேய்ந்த ஒலிநாடாவில் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு இரைச்சலுக்குள்ளிருந்து இராகத்தைப் பிரித்தெடுப்பது பற்றி ஐரோப்பிய விமர்சகர் எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இப்போது தீக்கு வருவோம். பேர்கனுக்கு அருகிலுள்ள ஃபந்தொஃப்த் மரத் தேவாலயம் 1992 ஜூன் 6ஆம் திகதி அதிகாலையில் எரிக்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபோர்த்துன் என்ற ஊரில் மரத்தால் எழுப்பப்பட்டு, 1883இல் அழிவிலிருந்து காப்பாற்றும்பொருட்டு பலகை பலகையாகக் கழற்றி ஃபந்தொஃப்துக்குக் கொண்டுவரப்பட்ட கட்டிடம் அது. தொடர்ந்து அதே ஆண்டில் ஒஸ்லோவின் ஹொல்மென்கொலன், மேற்கின் ஷோல்ட், பேர்கனின் ஓசானெ ஆகிய தேவாலயங்களும் எரிந்தன. ஓசானெ எரிந்தது நத்தாருக்கு முந்திய நாளில். இப்போது திகதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதொரியின் முதலாவது இசைத்தட்டு 1984. மேஹெம் குழு லைப்சிக் நகரில் நடத்திய, பின்னாளில் புகழ்பெற்ற, கச்சேரி 1990 நவம்பர். டார்க்த்ரோன் கொல்பொத்னில் பதிவுசெய்தது 1991 ஓகஸ்ட். ஒலி முழுமையாகப் பிறந்து, நடை பழகி, கடைக்கும் வந்த பின்னரே முதலாவது தேவாலயம் எரிந்தது. தீயிலிருந்து இந்த இசை பிறந்தது என்று எழுதுபவர்கள் நாட்காட்டியைப் பார்க்காதவர்கள். நோர்வேயின் தேசிய நூலகம் 2020இல் தனது நிரந்தரக் கண்காட்சிக்குத் தெரிவுசெய்ததும் 1991இல் பதிவான அந்த டார்க்த்ரோன் இசைத்தட்டைத்தான்.

எரிந்து கரியான ஃபந்தொஃப்தின் புகைப்படத்தை அட்டையில் அச்சிட்டு 1993இல் பேர்ஸம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. தலைப்பு ‘அஸ்கெ’, அதாவது சாம்பல். முதலில் வெளிவந்த பிரதிகளுடன் அதே படம் பொறித்த ஒரு லைற்றரும் இலவசமாக வழங்கப்பட்டது. சாம்பலின் வியாபாரம் என்று நான் தலைப்பில் எழுதியிருப்பது உருவகமன்று. உள்ளபடியே கடைச்சரக்காக இருந்தது அது. அந்த இளைஞர்களும் நானும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நான் பாடசாலைச் சிறுவன். 97 ஆயிரம் நூல்கள் எரிந்த ஊரிலிருந்து வந்தவனிடம், நூற்றாண்டுகள் பழைமையான கட்டிடமொன்றைக் கொளுத்தியதில் ஏதோ கவித்துவம் இருப்பதாகச் சொல்ல வரும் இரசிகர் கொஞ்சம் தூரத்தில் நின்று பேசுவது நல்லது.

இந்தக் கட்டுக்கதைக்கு எரியூட்டியவர்கள் யார்? சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லவேண்டும்: என் தொழிலைச் சேர்ந்தவர்கள். 1993 ஜனவரியில் பேர்கனின் பெரிய பத்திரிகையான பேர்கென்ஸ் தீதென்தெ, தேவாலயங்களைத் தாமே எரித்ததாக வீம்பு பேசிய ஓர் இளைஞரின் செவ்வியைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டது. அவர் பேர்ஸம் குழுவின் வார்க் விகேர்ணெஸ் என்பதைப் பொலிஸார் கண்டறிய அதிக நேரம் எடுக்கவில்லை. மார்ச் மாதம் இலண்டனின் கெறாங் சஞ்சிகை இவ்விவகாரத்தை அட்டைப்படக் கதையாக்கி உலகெங்கும் கொண்டுசென்றது. அன்றுவரை சில ஆயிரம் பேர் மட்டும் அறிந்திருந்த இசைக்கு ஒரே வாரத்தில் உலகப் புகழ் கிடைத்தது. ஆனால் அந்தப் புகழில் இசை இல்லை. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிய படமும், தீயும், சாத்தான் என்ற சொல்லுமே இருந்தன. செய்தி ஆசிரியர் ஒருவரின் மேசையில் இப்படியொரு கதை வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதை மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அம்மேசைகளுக்கு அருகில் இருந்தவன் என்ற வகையில் நான் அறிவேன். தலைப்பு முதலில் தயாராகிவிடும். கிற்றார்க் கலைஞரின் உள்ளங்கை பற்றி எவர் எழுதப்போகிறார்? 1998இல் ‘லோர்ட்ஸ் ஒஃப் கேயொஸ்’ என்ற நூல் வந்தது. இருபது ஆண்டுகளின் பின் அது திரைப்படமுமாகியது. இரண்டிலும் குற்றமே கதாநாயகன். இசை பின்னணியில் வாசிக்கப்படுகிறது, கல்யாண வீட்டில் எவரும் கவனியாத நாதஸ்வரம்போல.

அந்தக் கதையில் எவர் பெயர் நிலைக்கிறது, எவர் பெயர் மறைகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். 1993 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஒஸ்லோவில் விகேர்ணெஸ் யூரோனிமஸைக் கத்தியால் குத்திக் கொன்றார். 1994 மே மாதத்தில் கொலைக்கும் தேவாலய எரிப்புகள் சிலவற்றுக்குமாக நோர்வேயின் அதிகபட்சத் தண்டனையான 21 ஆண்டுகள் அவருக்கு விதிக்கப்பட்டன. (ஃபந்தொஃப்த் தொடர்பில் அவர் குற்றவாளியாகக் காணப்படவில்லை.) இதனை இரசிகர் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் அதற்கு ஓர் ஆண்டு முந்தி, 1992 ஓகஸ்டில், லில்லஹாமர் நகரில் எம்பெரர் குழுவின் ட்றம்ஸ் கலைஞரால் ஒரு மனிதர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் இசைக்கலைஞரும் அல்லர், எவருடைய எதிரியும் அல்லர். தற்செயலாகச் சந்தித்த ஒருபாலுறவினர், அவ்வளவுதான். கொன்றவரின் மேடைப் பெயரை எல்லோரும் அறிவர். கொல்லப்பட்டவரின் பெயரை எத்தனை இரசிகர்கள் அறிவர்? அவர் பகிரங்க வாழ்வுக்கு வராத சாதாரண மனிதர் என்பதால் நானும் அதனை இங்கு எழுதவில்லை. ஆனால் இரத்தமில்லாத குழு “உண்மையானது” அல்ல என்று சொல்பவர்கள், யாருடைய இரத்தத்தைக் கேட்கிறார்கள் என்பதையாவது தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதை ஒளித்துவைக்க நான் விரும்பவில்லை. ஒலியைச் செதுக்கிய கைகளும் குற்றம் செய்த கைகளும் பல இடங்களில் ஒன்றுதானே என்று கேட்கலாம். உண்மைதான். அந்தக் கிற்றார் முறையைச் செப்பனிட்ட ஸ்னோரே றூக், யூரோனிமஸ் கொலைக்கு உடந்தையாக இருந்ததற்காக எட்டு ஆண்டுகள் தண்டிக்கப்பட்டவர். மேஹெம் குழுவின் 1994ஆம் ஆண்டு இசைத்தட்டில் கொல்லப்பட்டவரின் கிற்றாரும் கொன்றவரின் பேஸ் கிற்றாரும் ஒருசேர ஒலிக்கின்றன. ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ பின்னட்டையில் முதலில் ‘நோர்வே ஆரிய பிளாக் மெற்றல்’ என்ற சொற்றொடர் இருந்தது; கண்டனம் எழுந்த பின் குழு வருத்தம் தெரிவித்து அதை நீக்கியது. விகேர்ணெஸ் விடுதலையான பின்னரும் மாறிவிடவில்லை. இனவெறுப்பைத் தூண்டியதற்காக 2014இல் பிரெஞ்சு நீதிமன்றமொன்று அவரைத் தண்டித்தது. இந்த மரபின் வீட்டில் நஞ்சு இருந்தது. வாரிசாக வருபவர் அதை அறியாததுபோல் நடிக்க முடியாது.

ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பித்தென் எதையும் எரிக்கவில்லை, ஒலிப்பதிவுதான் செய்தார். குவோர்தொன் எவரையும் கொல்லாமல் 2004இல் இறந்துபோனார். என்ஸ்லேவ்ட் குழு தொடங்கியபோது அதன் கிற்றார்க் கலைஞர் பதின்மூன்று வயதுச் சிறுவன். ஃபென்றிஸ் தபால் திணைக்களத்தில் வேலைபார்த்தவர். பின்னாளில், எனக்கு வாக்களிக்க வேண்டாம் என்று தனது பூனையுடன் படமெடுத்துப் பிரசாரம் செய்தும் கொல்பொத்ன் மக்கள் அவரை உள்ளூராட்சி சபையின் பதிலீட்டு உறுப்பினராக்கிவிட்டனர். இவர்கள் அனைவரின் கைவினையும் சேர்ந்ததுதான் அந்த ஒலி. கொலையும் தீயும் இல்லாமலே இந்த இசை உருவாக முடியும் என்பதற்கு அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலானோரே சாட்சி.

இனி மொன்றியலுக்கு வருவோம். எங்கள் உறவினர் பலர் குடியேறிய அந்நகரிலும் இவ்விவாதம் வெறும் பேச்சாக இருக்கவில்லை. 2016 நவம்பரில் அங்கு நடந்த ‘மெஸ் தெ மோர்’ விழாவில், இனவாதக் கருத்துகளுக்காகக் கண்டிக்கப்பட்டு வந்த போலந்துக் குழுவான கிறேவ்லாண்ட் வாசிக்கவிருந்தது. எதிர்ப்பாளர்கள் அரங்கின் வாசலை மறித்தனர். கிறேவ்லாண்ட் வாசிக்கவில்லை. அப்போது இசையைத் தடைசெய்கிறார்கள் என்று ஒரு கூக்குரல் எழுந்தது. பத்திரிகைத் தணிக்கையின் கீழ் வேலை செய்தவன் என்ற முறையில் தடை என்ற சொல்லை நான் அவ்வளவு இலகுவாகப் பயன்படுத்துவதில்லை. அரசாங்கம் கத்தரிக்கோலுடன் வருவது தடை. ஊர்மக்கள் வாசலில் வந்து நிற்பது வேறு விடயம்.

கியூபெக் மாகாணத்துக்கென ஒரு பிளாக் மெற்றல் பரம்பரை உண்டு. ஃபோர்த்தெரெஸ் போன்ற குழுக்கள் பிரெஞ்சு மொழியில் தமது சொந்த வரலாற்றை, 1837-38 கிளர்ச்சியை, இந்த ஒலியில் பாடுகின்றன. ஸ்பெக்ரல் வூண்ட் அப்பாதையில் செல்லவில்லை. அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். 2018இல் ‘இன்ஃபேர்ணல் டெக்கடன்ஸ்’, 2021இல் ‘எ டயபொலிக் தேர்ஸ்ற்’, 2024இல் ‘சோங்ஸ் ஒஃப் பிளட் அண்ட் மையர்’ ஆகிய இசைத்தட்டுகள் வந்துள்ளன. பின்னைய இரண்டையும் வெளியிட்டது ஒன்ராறியோ மாகாணத்தின் புரொஃபவுண்ட் லோர் நிறுவனம். நான்கு தசாப்த வயதுடைய ஓர் இசைவகையில் இவர்கள் இன்னும் புதியவர்களே.

2021ஆம் ஆண்டு இசைத்தட்டை முதலில் கேளுங்கள். தொடக்கப் பாடலிலேயே மேலே விவரித்த இலக்கணம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது தெரியும்: தடையின்றி அதிரும் தந்திகள், மழை விரிப்பு, அதன்மேல் மெல்ல நகரும் துயர இராகம். இரண்டு கிற்றார்களும் ஒன்றையொன்று விட்டு விலகி மீண்டும் சேரும் இடங்களில் ஒருவகை மிடுக்கு இருக்கிறது. தொண்ணூறுகளின் நோர்வேக் குழுக்கள் பலவற்றில் இல்லாத மிடுக்கு. ட்றம்ஸ் கலைஞர் வேகத்தைக் காட்டுவதற்காக வேகமாக வாசிப்பதில்லை. வேகத்திலிருந்து திடீரென நடைக்கு இறங்கும் தருணங்களில் பாடல் மூச்செடுக்கிறது. ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது, ஆனால் கழுவித் துடைத்த தெளிவன்று.

இதைப் பிரதி என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி. கோயில் திருவிழாவில் வித்துவான் தோடி வாசித்தால், இது ஏற்கனவே வாசிக்கப்பட்ட தோடிதானே என்று எவராவது எழுந்து செல்கிறாரா? தோடியை எப்படி வாசித்தார் என்றுதானே அதிகாலைவரை சண்டை பிடிக்கிறோம். இலக்கணம் உறுதிப்பட்ட கலையில் புதுமை அளவுகோலன்று. கைச்சுத்தமும் கற்பனையும் எந்த அளவில் கூடியிருக்கின்றன என்பதே கேள்வி. 2013இல் கலிபோர்னியாவின் டெஃப்ஹெவன் குழு இளஞ்சிவப்பு அட்டையுடன் ‘சன்பேதர்’ வெளியிட்டபோது, மெற்றல் பக்கமே தலைவைத்துப் படுக்காத விமர்சகர்கள்கூட மரபை உடைத்துவிட்டார்கள் என்று கொண்டாடினர். அது அழகான இசைத்தட்டுதான். மறுப்பதற்கில்லை. ஆனால் உடைப்பவருக்கு மட்டும் மாலை போட்டு, பேணுபவரைப் பிரதிகாரர் என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நியாயம்?

ஸ்பெக்ரல் வூண்ட் குழுவிடம் எனக்குக் குறைகளும் உண்டு. நரகம், இரத்தம், தாகம், சேறு என்று தலைப்புகள் இரவல் அகராதியிலிருந்து வருகின்றன. 2024ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஒரு பாடலின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘பிரபுத்துவத் தற்கொலை பிளாக் மெற்றல்’ என்று வரும். தம்மைத் தாமே கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் தற்கொலை கேலிக்குரிய சரக்கன்று, அதுவும் மேஹெம் குழுவின் பாடகர் 1991இல் இருபத்திரண்டு வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மரபில். அதே இசைத்தட்டில் ‘நாவின்மேல் ஒரு நாணயம்’ என்று பொருள்படும் பாடலொன்றும் இருக்கிறது. இறந்தவரை மறுகரைக்குக் கொண்டுசெல்லும் ஓடக்காரனுக்குக் கூலியாக வாயில் காசு வைக்கும் பழைய கிரேக்க வழக்கத்தை நினைவூட்டும் தலைப்பு. வாய்க்கரிசி போட்டுப் பழகிய எமக்கு அது அந்நியமன்று. ஒரே ஒரு பாடல் கேட்க நேரமுள்ளவர்கள் அதைக் கேட்கலாம். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்து.